இரண்டு கால்களுக்கும் ஒரே பில்

அந்த ஓட்டலில் இருநூற்றுப் பத்து அறைகள். தினமும் மாற்றப்படும் படுக்கை விரிப்புகள் எல்லாம் ஒரு பெரிய குழாய் வழியாகக் கீழ்த்தளத்தில் வந்து விழும். துவைத்து, பிழிந்து, பாதி ஈரத்தோடு இருக்கும் விரிப்பைச் சூடான உருளைக்குள் கொடுக்க ஒரு ஆள், மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வருவதை வாங்கி மடிக்க ஒரு ஆள். கொடுக்கும் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக நின்றவளை ரோலரக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவளுக்கே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

மறுபக்கம் மடிப்பவளுக்கு ரேடியோ என்று பெயர். இயந்திரம் போடும் சத்தத்தையும் மீறி நாள் முழுக்க எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். ரோலரக்கா தலையை ஆட்டுவாள். பாதி காதில் விழாது. விழுந்ததற்கும் பதில் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. அந்தச் சத்தத்தில் கத்திப் பேசிக் கத்திப் பேசி, முதல் ஐந்து வருடத்திலேயே பேச்சு என்றால் அவளுக்கு அலுத்துப் போய்விட்டது. வீட்டிலும் அப்படித்தான். அவளுக்காக மகள் பேசிவிடுவாள், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் பேசிவிடுவார்.

உருளைக்கு முன்னால் உட்கார முடியாது. ஸ்டூல் போட்டால் கை எட்டாது, எட்டினாலும் விரல் உள்ளே போய்விடும். ஆகவே எட்டு மணி நேரமும் நிற்பதுதான். இரண்டாவது பிள்ளை பிறந்த காலத்திலேயே கெண்டைக்காலில் பச்சையாக இரண்டு கோடுகள் தெரிந்தன. போகப்போக அவை தடித்து, முடிச்சு முடிச்சாகப் புடைத்து, நூல்கண்டைப் பிரித்துக் கொட்டியது போலக் கணுக்கால் வரை இறங்கின. தடியான காலுறை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். வலிக்கிறதா என்று யாராவது கேட்டால், நிற்கிற கால் வலிக்காமல் பாடவா செய்யும் என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு நாள் முற்பகல், துணி வண்டியின் விளிம்பு அவள் வலது கணுக்காலில் உரசியது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்கு விரிப்புகள் உள்ளே கொடுத்து முடித்திருப்பாள். எதிரே ரேடியோவின் வாய் சட்டென்று நின்றது. அவள் வாய் நின்றதில்தான் ரோலரக்கா நிமிர்ந்து பார்த்தாள். ரேடியோ தரையைக் காட்டினாள். காலுறை முழுக்க நனைந்து, செருப்பில் வழிந்து, வெள்ளைத் தரையில் ரத்தம் ஒரு தட்டு அளவுக்குப் பரவியிருந்தது. குழாயைத் திறந்துவிட்டது போல் அது வந்துகொண்டே இருந்தது. ஆனால் துளியும் வலிக்கவில்லை.

ரேடியோ உருளையை நிறுத்திவிட்டு அவளைத் துண்டுக் குவியலின் மேல் படுக்க வைத்தாள். காலைத் தூக்கி வண்டியின் மேல் வைத்து, ஒரு தலையணை உறையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றது. மேற்பார்வையாளர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் தரையைத் துடைத்தார்கள். ரத்தம் பட்ட விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் அலசினார்கள். வெந்நீர் பட்டால் ரத்தக் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும் என்று அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரியும். வருடா வருடம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற வேலை அது. கால் சரியில்லை என்று தெரிந்தால் அடுத்த வருடத் தாள் வருமோ வராதோ. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்யவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வண்டி உரசிய இடம் ஆறவில்லை. நாணயம் அளவில் ஒரு புண்ணாக நின்றுவிட்டது. நாலு மாதம் அதற்கு மருந்து வைத்துக் கட்டி, மேலே காலுறையை மாட்டினாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் ஒரு விடுமுறை நாளில் குளியலறைக் கதவைத் தட்டாமல் திறந்ததில் அது வெளியே வந்தது. மகள் அன்றைக்கே மருத்துவமனையில் நேரம் வாங்கினாள்.

மருத்துவர் கணினியைப் பார்த்தபடியே என்ன தொந்தரவு என்று கேட்டார். ரோலரக்கா மேசை மேல் இருந்த பேனா டப்பாவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் அந்த இடைவெளியைத் தாங்காமல் சொன்னாள்.

"ரெண்டு காலும் நரம்பு சுருட்டிக்கிட்டு பார்க்கவே ஒரு மாதிரியா இருக்கு டாக்டர். அம்மா காலை வெளிய காட்டறதே இல்ல."

மருத்துவரின் உதவியாளர் அதைத் தட்டச்சு செய்தார். பிறகுதான் காலுறையைக் கழற்றினார்கள். புண்ணைப் பார்த்த மருத்துவர் முகம் மாறி, சுத்தம் செய்து கட்டச் சொன்னார். இறுக்கமான மருத்துவக் காலுறையை மூன்று மாதம் போட வேண்டும், அதன் பிறகு ஸ்கேன், அதன் பிறகு லேசர் என்றார். ரத்தம் கொட்டியதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஸ்கேன் அறையில் ஒரு மரப்படியில் ஏறி நிற்கச் சொன்னார்கள். குளிர்ந்த பசையைக் காலில் தடவி, ஒரு பெண் கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டாள். அமுக்கும்போது இயந்திரத்தில் உஷ் என்று ஒரு சத்தம் வந்தது. விடும்போது வலது காலில் மறுபடியும் ஒரு நீண்ட உஷ். இடது காலில் அந்த இரண்டாவது சத்தம் வந்ததா என்பதே சந்தேகம். அந்தப் பெண் ஏதோ எண்களைக் குறித்துக்கொண்டாள்.

சிகிச்சைக்கு முதல் நாள் மருத்துவர் கேட்டார், வலது கால் மட்டுமா, இரண்டும் சேர்த்தா என்று. மகள், இரண்டையும் சேர்த்தே செய்துவிடுங்கள், அம்மாவுக்குத் திரும்பத் திரும்ப லீவு கிடைக்காது என்றாள். நியாயமான பேச்சுதான். இன்ஷூரன்ஸ் முன் அனுமதி கொடுத்துவிட்டது என்றார்கள். ஆறு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஆறையும் படிக்க வேண்டுமானால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

சிகிச்சையின்போது அவள் விழித்துத்தான் இருந்தாள். காலில் மட்டும் வரிசையாக மரத்துப் போகும் ஊசி போட்டார்கள். முகத்துக்கும் காலுக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அதன் கீழ் ஓரம் அவள் கைக்கு எட்டியது. விரலால் தடவிப் பார்த்தாள். நல்ல பருத்தி, நிறைய முறை துவைத்தது, உருளையில் தேய்த்தது, ஆனால் ஈரம் முழுக்கப் போகாமல் மடித்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஓரத்தில் சலவை எண் அச்சடித்திருந்தது. அந்தப் பக்கம் அவளுடைய இரண்டு கால்களையும் யாரோ என்னவோ செய்துகொண்டிருந்தார்கள். லேசாகக் கருகல் வாடை வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் எழுந்து நடக்கச் சொன்னார்கள். நடந்தாள்.

வலது கால் புண் ஐந்து வாரத்தில் மூடிக்கொண்டது. இடது காலின் உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரை ஒரு பட்டை மட்டும் மரத்தது மரத்தபடியே நின்றுவிட்டது. மரப்பு மருந்து மெதுவாகப் போகும் என்று நினைத்தாள். இரண்டு வாரம் போயும் போகவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சலவைக்கூடத்துக்குத் திரும்பினாள்.

சிகிச்சை முடிந்த நாற்பதாவது நாள் இரண்டு தபால்கள் ஒன்றாக வந்தன. ஒன்று இன்ஷூரன்ஸ் அனுப்பியது. இந்தச் சிகிச்சை தோற்றத்தை மேம்படுத்துவதற்காகச் செய்துகொண்டது, ஆகையால் பணம் தர இயலாது, முன் அனுமதி என்பது பணம் தருவதற்கான உறுதி ஆகாது என்றது. மற்றது மருத்துவமனையின் பில். மூன்று பக்கம். கடைசி வரியில் இருந்த தொகை அவளுடைய நாலரை மாதச் சம்பளம்.

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருக்கும் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார்.

"அழகு பண்ணிக்கிட்டேன்னு எழுதியிருக்கான். உன்னை."

அவள் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் இரண்டாவது தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டது. எங்கோ யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. கட்டிடலாம், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். எதைக் கொண்டு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அழுகையாவது வரும் என்று நினைத்தாள். இரண்டும் வரவில்லை. தாள்களை மடித்து அலமாரியில் துண்டுகளுக்குக் கீழே வைத்தாள். மறுநாள் வேலைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். ரேடியோ பேசினாள், இவள் தலையை ஆட்டினாள். விரிப்பு போனது, விரிப்பு வந்தது. பத்தொன்பது நாள் கழித்து நினைவூட்டல் கடிதம் வந்தபோது, முதல் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு காய்ச்சல்காரியைப் போல் தான் நடமாடிக்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது.

மகள் தானும் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம், நான் போய்க்கொள்கிறேன் என்றாள் ரோலரக்கா. வார விடுமுறை நாளில் மருத்துவமனைக்குப் போய், பில் பிரிவில் டோக்கன் எடுத்து, ஏழாவது ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். உள்ளே ஏசியின் குளிருக்குச் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒருவர் இருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர் போலிருந்தது. அவள் மூன்று பக்கங்களையும் ஜன்னலுக்குக் கீழே தள்ளினாள்.

"எனக்கு இதுல ஒண்ணும் புரியல சார். முதல் வரியில இருந்து சொல்லுங்க."

ஸ்வெட்டர்காரர் அவளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். அன்றைக்குக் கூட்டம் குறைவு. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்ன முதல் விஷயம் எண்களைப் பற்றியது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு எண் உண்டாம். செய்த வேலைக்கு வேறு எண். இன்ஷூரன்ஸ்காரர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை, இந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார்கள். புண்ணோடு இருக்கும் நரம்புச் சுருட்டலுக்கு ஒரு எண். எந்தத் தொந்தரவும் இல்லாமல் வெறுமனே புடைத்திருப்பதற்கு இன்னொரு எண். அவளுக்கு இரண்டாவதைப் போட்டிருந்தார்கள்.

"புண்ணு இருந்துச்சே சார்."

"டாக்டர் குறிப்புல மூணாவது பக்கத்துல இருக்கும்மா. ஆனா எண் போடறவங்க முதல் வரியைத்தான் பார்ப்பாங்க." கணினியில் எதையோ திறந்து படித்தார். "நோயாளி சொன்ன குறை, இரு கால்களின் தோற்றம். அப்படித்தான் எழுதியிருக்கு."

அந்த வரியை யார் சொன்னது என்று அவளுக்கு நினைவிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

மறுபரிசீலனை கேட்கலாம் என்றார் அவர். கடிதத் தேதியிலிருந்து முப்பது நாள். ஏற்கெனவே இருபத்திரண்டு போய்விட்டது. மருத்துவர் குறிப்பைத் திருத்தி எண்ணை மாற்ற வேண்டும். காலுறை போட்டும் சரியாகவில்லை என்று காட்ட, சிகிச்சைக்கு மூன்று மாதம் முன்னால் அதை வாங்கிய பில் வேண்டும். ரத்தம் கொட்டியது உண்டா என்று கேட்டார். அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். உண்டு என்றாள். அதற்கு ஏதாவது தாள் இருந்தால் நல்லது என்றார்.

பிறகு பென்சில் இரண்டாவது பக்கத்துக்கு இறங்கியது. வலது கால் லேசர், ஒரு தொகை. இடது கால் லேசர், அதே தொகை. அங்கே பென்சில் கொஞ்சம் நின்றது. அவர் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார். ஒரே நாளில், ஒரே மேசையில் செய்யும் இரண்டாவது காலுக்குப் பாதித் தொகைதான் வாங்க வேண்டும், அது இந்த மருத்துவமனையே அச்சடித்து வைத்திருக்கும் விதி, எழுதிக் கேளுங்கள் என்றார். தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றார்.

அடுத்த வரியில் பென்சில் நிற்காமல் போனது. அவள்தான் நிறுத்தினாள்.

"இது என்ன சார்?"

"உபயோகிச்சுத் தூக்கிப் போடற துணி. ஆபரேஷன்ல மேல போர்த்துவாங்க இல்ல, அது. நாலு செட்."

"அது தூக்கிப் போடற துணி இல்ல சார்."

அவர் நிமிர்ந்தார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"துவைச்ச துணி. பருத்தி. உருளையில போட்டுத் தேய்ச்சிருந்தாங்க, கொஞ்சம் ஈரத்தோடயே மடிச்சிருந்தாங்க. ஓரத்துல சலவை நம்பர் இருந்துச்சு. தூக்கிப் போடற துணிக்கு யாரும் நம்பர் அடிக்க மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "எனக்கு அதுதான் வேலை."

ஸ்வெட்டர்காரர் எழுந்து உள்ளே போனார். இருபது நிமிடம் கழித்து வந்து, அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். அவளுடைய இரண்டு நாள் சம்பளம் குறைந்தது. அவர் லேசாகச் சிரித்தார். தானும் சிரிக்க வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாள்களை வாங்கிக்கொண்டாள்.

மீதி எட்டு நாளில் அவள் இத்தனை வருடத்தில் அலையாத அலைச்சல் அலைந்தாள். மருந்துக் கடையில் காலுறையைப் பில் இல்லாமல் வாங்கியிருந்தாள். பில் போடாவிட்டால் கொஞ்சம் குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னதால்தான். இப்போது பழைய தேதி போட்டுப் பில் தர முடியாது என்று கையை விரித்தார் அவர். அவள் நகராமல் நின்றுகொண்டே இருந்தாள். நிற்பது அவளுக்குப் புதிதில்லையே. கடைசியில் அவராகவே யோசித்து, அந்த அளவு கடையில் இல்லாமல் வெளியிலிருந்து தருவித்தது நினைவுக்கு வந்து, தேதியும் அவள் போன் எண்ணும் இருந்த ஆர்டர் தாளைத் தேடி எடுத்து நகல் போட்டுக் கொடுத்தார்.

ரத்தத்துக்குத் தாள் ஏது? ரேடியோவிடம் சொன்னபோது, நானே எழுதித் தருகிறேன் என்றாள். ரோலரக்கா வேண்டாம் என்றாள். ஓட்டல் விரிப்பில் ரத்தம் பட்டதை மறைத்தோம் என்று எழுத்தில் கொடுத்தால் மேற்பார்வையாளர் காதுக்குப் போகும், இரண்டு பேர் வேலையும் போகும். அன்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் உருளையை நிறுத்தியிருந்தார்கள். சத்தமே இல்லாத அந்த இடத்தில் ரேடியோவின் குரல் வேறு ஆளுடையதைப் போலிருந்தது.

"நான் பார்த்ததைத்தானேக்கா எழுதப் போறேன். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா அப்ப எழுதித்தானே ஆகணும்."

துணிக் கணக்கு எழுதும் தாளின் பின்பக்கத்தில், கோடு கோணாமல், தேதி, நேரம், எவ்வளவு ரத்தம், எதை வைத்துக் கட்டினோம் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ரோலரக்கா அதையும் வாங்கி மற்றத் தாள்களோடு சேர்த்து வைத்தாள்.

மருத்துவரைப் பார்க்கப் போனபோது ரோலரக்கா தனியாகத்தான் போனாள். என்ன தொந்தரவு என்று அவர் கேட்டார். இந்த முறை அவள் சொன்னாள். எரிச்சல், இரவில் கால் இழுப்பது, ரத்தம் கொட்டியது, புண், எல்லாவற்றையும் வரிசையாக, மூச்சு வாங்க நின்று நின்று சொன்னாள். உதவியாளர் தட்டச்சு செய்து முடித்ததும், என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று படித்துக் காட்டச் சொன்னாள். படித்தார்கள். ரத்தம் கொட்டியதை விட்டிருந்தார்கள். அதையும் சேர்க்கச் சொன்னாள். மருத்துவர் எண்ணை மாற்றிக் கையெழுத்துப் போட்டார். தப்பு நடந்துவிட்டது என்றார். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை.

இடது காலின் மரப்பைப் பற்றியும் அப்போதுதான் சொன்னாள். அவர் ஒரு பஞ்சை எடுத்துத் தடவிப் பார்த்தார். உணர்ச்சி நரம்புக்குப் பக்கத்தில் லேசர் சூடு பட்டால் சிலருக்கு இப்படி ஆகும், ஒரு வருடத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம், நடப்பதற்கு ஒன்றும் இடைஞ்சல் இல்லையே என்றார். இல்லை என்றாள். அன்றிரவு மகளிடமும் மரப்பைப் பற்றிச் சொன்னாள்.

இன்ஷூரன்ஸிலிருந்து பதில் வர ஏழு வாரம் ஆனது. இந்த முறை இரண்டு பக்கம். ஸ்வெட்டர்காரரின் ஜன்னலுக்குப் போகத் தேவை இருக்கவில்லை, அவளே படித்துக்கொண்டாள். எந்த வரியில் எதைப் பார்க்க வேண்டும் என்று இப்போது தெரிந்திருந்தது. ரத்தம் கீழ்நோக்கித் திரும்பி வழியும் நேரம் அரை நொடிக்கு மேல் போனால்தான் அது நோய் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. ஸ்கேனில் குறித்தபடி வலது காலில் இரண்டு நொடிக்கும் மேல். ஆகையால் வலது காலுக்கு ஒப்புதல். இடது காலில் நொடியில் பத்தில் நாலு பங்குதான். இடது காலுக்கு மருத்துவத் தேவை எதுவும் இல்லை, மறுக்கப்படுகிறது. காலுறைத் தாள் போதும் என்று ஒரு வரியில் எழுதியிருந்தார்கள். ரேடியோவின் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதை யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை. ரேடியோ கேட்டபோது மட்டும், உன் கடிதம்தான் உதவியது என்று ரோலரக்கா சொல்லி வைத்தாள். அவள் வாழ்க்கையில் யோசித்துச் சொன்ன பொய்கள் குறைவு. அது அவற்றில் ஒன்று.

இடது காலுக்குப் பாதித் தொகை விதியை எழுதிக் கேட்டிருந்ததால் அதுவும் குறைந்தது. எல்லாம் கழிந்து, அவள் கட்ட வேண்டியது ஒன்றரை மாதச் சம்பளம். பத்துத் தவணை. முதல் தவணைக்கு ரசீது வாங்கிய அன்று, ஏழாவது ஜன்னலில் ஸ்வெட்டர்காரர் இல்லை. வேறொரு பெண் இருந்தாள். அவர் எங்கே என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டாள்.

அந்த இரண்டு பக்கக் கடிதத்தை மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டே முழுக்கப் படித்தாள். அப்புறம் இன்னொரு முறை படித்தாள். ரோலரக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இடது கால் தேவையே இல்லையாம்மா?"

"அவங்க கணக்குக்குத் தேவை இல்ல."

"நான்தானே ரெண்டையும் பண்ணச் சொன்னேன்." மகள் கடிதத்தை மடித்தாள். "முதல் நாளும் நான்தான். பார்க்க ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னதும் நான்தான்."

ரோலரக்கா கத்தியைக் கீழே வைத்தாள். இந்தப் பேச்சு ஒரு நாள் வரும் என்று அவளுக்குத் தெரியும். வரும்போது என்ன சொல்வது என்று பல நாள் உருளைக்கு முன்னால் நின்று யோசித்திருக்கிறாள். 

"நீ இழுத்துட்டுப் போகலேன்னா நான் போயே இருக்க மாட்டேன். அந்தப் புண்ணோடயே நின்னுட்டு இருந்திருப்பேன்," என்றாள். "பேச வேண்டிய இடத்துல நான் பேசல. என் கால்தானே."

மகள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னாள். இடது காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். அந்தக் காலை அவள் அப்படித் தொட்டதே இல்லை. பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து, இது தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது. கொஞ்சம் கீழே. தெரிகிறது. இன்னும் கொஞ்சம் கீழே. இல்லை. அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, இருபது முப்பது புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தாள். ஒரு நீளமான இலையின் வடிவத்தில் வந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டாள். மாதம் ஒரு முறை இப்படி வரைந்து பார்ப்போம், குறைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றாள்.

கோட்டுக்கு உள்ளே மகளின் கை இருப்பதைக் கண்ணால்தான் பார்க்க முடிந்தது. பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. அடுப்பை அணைக்க ரோலரக்கா எழுந்தாள்.

நான்கு மாதம் வரைந்தார்கள். முதல் மூன்று மாதம் அப்படியேதான் இருந்தது. நான்காவது மாதம் கீழ் நுனி ஒரு விரற்கடை ஏறியிருக்கிறது என்று மகள் சொன்னாள். ரோலரக்காவுக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இருக்கட்டும், குறித்து வை என்றாள். அடுத்த நாள் காலை ஷிப்டுக்குச் சீருடையைத் தேய்க்க வேண்டியிருந்தது.